கல் காது

சாமி வேறு, மொழி வேறு, கும்பிடுகிற விதம் வேறு. கதை மட்டும் அச்சு அசலாக ஒன்றேதான். ஒரு தாய், செத்துப்போன குழந்தை, தாயின் அசையாத நம்பிக்கை. உடனே குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். இந்தத் தல யாத்திரையில் ஆற்றங்கரையில் ஒன்று எழுந்தது, பனிமலையில் ஒன்று எழுந்தது. இந்தக் கதைகளைக் கட்டியவர்களில் ஒருவன்கூடத் தன் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவனாக இருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டாள் தையல்காரி.

"பாத்தீங்களா, உலகம் பூரா ஒரே கதை! அப்ப உண்மையாத்தானே இருக்கணும்?" என்றான் பயண ஏற்பாட்டாளன், பேருந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு.

"நம்பினவங்களுக்கு உண்மை," என்றாள் அவள் மாமியார், ஜன்னலைப் பார்த்தபடி. அது யாருக்குச் சொன்னது என்று டிரைவருக்குக்கூடப் புரிந்திருக்கும்.

போன வருஷம் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, மாமியார் ஏதோ ஒரு தலத்திலிருந்து கொண்டுவந்திருந்த தீர்த்தத்தைப் புகட்டினாள். கூடவே மருந்து கொடுத்தால் பலிக்காது என்று கட்டளை. "ரெண்டு நாள் பாக்கலாமே, அம்மா சொல்றாங்கல்ல," என்று கணவனும் தலையாட்டினான். காய்ச்சல் இறங்குகிற வழியாக இல்லை. பெற்ற வயிறு கேட்காமல், தையல்காரி மாத்திரையைப் பொடித்து யாருக்கும் தெரியாமல் ஊட்டினாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே பிள்ளை போய்விட்டது. முன்னாடியே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அந்த வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. குப்பையில் மாத்திரை அட்டையைக் கண்டெடுத்த மாமியாருக்கு அன்றிலிருந்து ஒரே பாட்டு: தீர்த்தம் காப்பாற்றியிருக்கும், இவள்தான் நம்பாமல் கெடுத்தாள்.

கணவன் மட்டும், தனியாக இருக்கும்போது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வான்: "உன் மேல ஒரு தப்பும் இல்ல. அம்மா பேச்சை விடு." அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒரு வருஷமாக அந்த வீட்டில் அவளுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கியது. இப்போது மறுபடி மாசமாக இருக்கிறாள். இந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தப் பயணமும்.

மூன்றாவது தலம் ஒரு சரிவுத் தெருவின் முடிவில் இருந்தது. வழி நெடுகக் கடைகள், புட்டி புட்டியாகத் தண்ணீர். உள்ளே ஆள் உயரத்தில் ஒரு கல் தாய், மடியில் பிள்ளை. அழுது அழுது அவளுக்குக் காது மந்தமாகிவிட்டதாம். அதனால் இங்கே மனசுக்குள் வேண்டினால் செல்லாது. அவள் காதில் வாயை வைத்து உரக்கச் சொல்ல வேண்டும்.

மாமியார் முதலில் வேண்டிவிட்டுப் புட்டி வாங்கப் போனாள். வரிசை நகர நகர, தையல்காரி சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தலை பின்னால் தொங்கியது, கை துவண்டு கிடந்தது. கண்கள் மட்டும் பளிச்சென்று திறந்திருந்தன. ஒட்டுப் போட்ட இடம் அவள் பார்வைக்குத் தப்புமா?

"கண்ணு மட்டும் புதுசா இருக்கே?" என்று வரிசையை ஒழுங்குபடுத்தியவரிடம் கேட்டாள்.

"முன்னெல்லாம் மூடித்தாம்மா இருந்துச்சு. வர்றவங்க அழுதுட்டுப் போயிடுவாங்க, மறுபடி எட்டிப் பாக்க மாட்டாங்க. அதான் பெயின்ட் அடிச்சுத் திறந்துட்டோம்."

பாவி, உனக்கும் பிள்ளை எழுந்திருக்கவில்லையா? தையல்காரிக்கு அந்தக் கல்லின் மேல் பாசம் பொங்கியது. இத்தனை தலங்களில் தனக்குச் சொந்தம் என்று இவள் ஒருத்திதான்.

அவளுக்கு முன்னால் கணவன் நின்றிருந்தான். அவன் முறை வந்தது. குனிந்து, கல் காதில் வாயை வைத்தான்.

"தாயே, என் பெண்டாட்டியை மன்னிச்சிடு. புத்தி கெட்டுப்போய் மாத்திரையைக் கொடுத்துட்டா. அவ மட்டும் நம்பியிருந்தா எம்பொண்ணு இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும். வரப்போற பிள்ளையையாவது அவகிட்டேருந்து காப்பாத்து."

நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது. "போ, நீயும் வேண்டிக்கோ," என்றான் கனிவாக.

அவள் சிலையருகே போய்த் துவண்டு கிடந்த அந்தக் கையை ஒருமுறை தொட்டாள். எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்துவிட்டாள்.

பேருந்தருகே மாமியார் ஒரு புட்டியை நீட்டினாள். "பத்திரமா வச்சுக்கோ. பிள்ளை பொறந்ததும் இதைத்தான் முதல்ல கொடுக்கணும்."

"நீங்களே வச்சுக்கோங்க அத்தை. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். பிள்ளை அங்கதான் பொறக்கும், அங்கதான் வளரும். காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போவேன்."

"என்ன திடீர்னு?" என்று பதறினான் கணவன். "நான் உன்னை எப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"இப்பத்தான் சொன்னீங்க. பின்னாடி நான்தான் நின்னேன்."

அவன், என்ன சொல்லட்டும் என்பதுபோல், தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.