ரொட்டிக்கடை ஜவுபர் களிசான் போட்ட கிழமை

சாய்ந்தமருதில் ரொட்டிக்கடை ஜவுபரைச் சாரனில்லாமல் கண்டவர் யாருமில்லை. கலியாண வீட்டுக்கும் சாரன், அரசாங்கக் கச்சேரிக்கும் சாரன், அதுவும் அரைக்காலுக்கு மடித்துக்கட்டி. அப்படிப்பட்ட மனிசன் ஐம்பத்திரண்டு வயதில் திடீரென்று கணுக்கால் வரை மூடுகிற ஒரு கறுப்புக் களிசானை வாங்கி, ரொட்டிக்கல்லின் அந்த வெக்கையிலும் போட்டுக்கொண்டு நின்றால், பெண்சாதிக்குச் சந்தேகம் வராமல் வேறென்ன வரும்?

றாஹிலாவுக்கு வந்தது கட்டாரைப் பற்றிய சந்தேகம். கலியாணம் முடித்த மறுவருசமே கட்டாருக்குப் போய், பதினொரு வருசம் ஒரு ஹோட்டல் சமையலறையில் கிடந்துவிட்டு வந்தவர் ஜவுபர். வாப்பா என்றால் டெலிபோனுக்குள் இருக்கிற ஆள் என்று நினைத்துத்தான் மகள் சிபானா வளர்ந்தாள். இனி ஒருக்காலும் போகமாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணிய பிறகுதான் றாஹிலா நிம்மதியாக இருக்கிறாள். அந்த முறையும் புறப்பட முன்னம் அவர் முதலில் வாங்கியது களிசான்தான்.

வியாழக்கிழமை கிணற்றடியில் நின்று சினேகிதன் மசூரோடு அவர் போனில் குசுகுசுத்தது அவள் காதில் விழுந்தது.

"ஓம் மசூர், திரும்பவும்தான். நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு மெடிக்கலுக்குப் போறன். றாஹிலாக்கு மட்டும் சொல்லிராத, அவ என்னத் தின்டுருவா."

மெடிக்கல்! இந்தக் கரையோரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் தேடுவார் இல்லை. ஏஜென்சிக்காரன் ரத்தமும் நெஞ்சுப்படமும் எடுத்துப் பார்த்து ஆளைப் பிளேன் ஏற்றுவதற்குப் பெயர்தான் மெடிக்கல். அந்த யோசனையில் றாஹிலா பகல் மீன் ஆணத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஜவுபர் ஒரு சொல் குறை சொல்லாமல் தின்றுவிட்டு எழும்பினார். இதற்கு மேல் வேறு சாட்சி தேவையில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் மோட்டார் சைக்கிளில் கல்முனைக்குப் போக, இவள் ஓட்டோவில் பின்னாலேயே போனாள். அவர் நுழைந்த கட்டடத்தின் பலகையில் 'மெடிக்கல் சென்டர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தாதி தடுக்கத் தடுக்க, மூன்றாம் நம்பர் அறைக் கதவைத் திறந்தாள்.

"கையெழுத்து வச்சிராதீங்க, சிபானாட வாப்பா! நான் உங்கள அனுப்பமாட்டன்!"

ஜவுபர் களிசானின் ஒரு காலை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்றார். டொக்டர் குனிந்து அவருடைய கெண்டைக்காலில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நீலமாய் ஒரு நரம்பு மண்புழுபோல நெளிந்து புடைத்திருந்தது.

"எங்க அனுப்ப?" என்றார் ஜவுபர்.

"கட்டாருக்கு!"

"கட்டாரா? புள்ள, ரெண்டு வருசத்துக்கு முதல் லேசர் புடிச்சி அடைச்ச நரம்பு, அது திரும்ப வந்திட்டு. ஒரே இடத்துல நிக்காதீங்க, டொக்டர் தந்த இறுக்கக் காலுறையக் கழட்டாதீங்க எண்டு நீ படிச்சிப் படிச்சிச் சொன்ன. நான் கேக்கல்ல. உன்ட ஏச்சுக்குப் பயந்துதான் களிசானப் போட்டு மறைச்சன்."

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அடைச்ச நரம்பு அடைச்சபடிதான் இருக்கு. இது பக்கத்தில புதுசா வீங்கினது. எல்லாம் ஒழுங்காச் செய்தவங்களுக்கும் சிலநேரம் இப்பிடித் திரும்ப வாறதுதான். ஊசி மருந்தால சரிப்படுத்தலாம். ஆனா இடைக்கிடை நடக்கோணும்."

றாஹிலா வாயில் கையை வைத்தாள். அழப்போகிறாள் என்று தாதி தண்ணீர் எடுக்க ஓடினாள். அவளோ நாக்கைச் சுழற்றி, கலியாண வீட்டில் மாப்பிள்ளை வந்து இறங்கும்போது போடுகிற குரவையைப் போட்டாள். வெளியே காத்திருந்த பெண்களில் இரண்டு பேர், என்ன ஏதென்று தெரியாமலே, பழக்கத்தில் பதில் குரவை போட்டார்கள்.

"இந்த வருத்தம் திரும்ப வந்ததுக்குச் சந்தோசப்பட்ட ஆள இண்டைக்குத்தான் காணுறன்," என்றார் டொக்டர்.

"நரம்புதானே டொக்டர், அது வரட்டும். அல்ஹம்துலில்லாஹ், இவர் போகல்லையே!" றாஹிலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அன்று பின்னேரம் அவர் சாரனை அரைக்காலுக்கு மடித்துக்கட்டி, காலுறையும் போட்டு, ஊரே பார்க்க ரொட்டிக்கல்லடியில் நின்றார். றாஹிலா ஒரு கதிரையைப் போட்டுக் குந்திக்கொண்டு, பத்து நிமிசத்துக்கு ஒருதரம் "நடங்க, நடங்க" என்று அவரை விரட்டினாள். கல்லைத் துடைக்க எடுத்த துணி புதிதாக இருக்கிறதே என்று விரித்துப் பார்த்தார். அது களிசானின் ஒரு கால்.

"மத்தக் கால் எங்க புள்ள?"

"என்ட பெட்டிக்குள்ள இரிக்கி. ஒத்தக்கால் களிசானோட உங்கள எந்தப் பிளேன்லயும் ஏத்தமாட்டானுகள்."