ஆயாக் கொட்டகைக் கழிப்பறைக்கு எவ்வளவு தூரம்

புக்கிட் ரோத்தான் ஊருக்கு உள்ளே இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ரமணி வேலைக்குச் சேர்ந்தது 2019 மார்ச் மாதம். அப்போது பெண்கள் கழிப்பறை அவள் மேசையிலிருந்து இருநூற்றைம்பது மீட்டர் தூரத்தில் இருந்தது. ஐந்தாவது வருடக் கடைசியில் அது மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கழிப்பறை இடம் பெயரவில்லை, ஆலையும் நகரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த மண் பாதைதான் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டு போனது. நில அளவைக்காரர்கள் வேறு வேலையாக வந்தபோது அளந்து பார்த்துவிட்டு இருநூற்றைம்பது என்றே எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஆண்கள். ஆண்கள் நடந்தால் அந்தப் பாதை எப்போதும் நான்கே நிமிடம்.

அந்தக் கழிப்பறை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகையின் பின்புறம் இருந்தது. லயம் காலியாகி, வீடுகளை இடித்து, அங்கேயும் செம்பனை நட்ட பிறகு கொட்டகை மட்டும் தகரக் கூரையோடு மிஞ்சியது. ஆண்களுக்கு ஆலைக்கு உள்ளேயே மூன்று கழிப்பறைகள். ஆலை கட்டிய காலத்தில் பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. பிறகு வந்தார்கள், வந்த பிறகும் யாரும் நினைக்கவில்லை.

ஆலை அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி தேவதாஸ் கெட்டவர் என்று ஆலையில் ஒருவரும் சொன்னதில்லை. அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அம்மா வெளிக்காட்டில் களை எடுத்தவர். ஐம்பத்தாறு வயதில் கண்ணாடிக் கதவு போட்ட அறை, தாமான் குடியிருப்பில் மூலை வீடு, கோயில் கமிட்டியில் செயலாளர் பதவி. ரமணி கழிப்பறை கேட்டு நான்கு கடிதம் எழுதினாள். நான்கையும் அவர் கவனமாகத் துளை போட்டு, பச்சைக் கோப்பில் சேர்த்தார். ஒன்றைக்கூட மேனேஜரிடம் கொண்டு போகவில்லை. “ஒன்னு ரெண்டு பொம்பளைங்களுக்காக ஒரு டாய்லெட் கட்டச் சொல்றியேம்மா. வருஷக் கடைசில பாப்போம் லா” என்றார். ஒவ்வொரு கடிதம் உள்ளே போன வாரமும் பாதையில் புதிதாகச் செம்பனை வரிசைகள் முளைத்தன. அவை நட்ட அன்றே முப்பதடி உயரம்.

ரமணி காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். சிறுநீரில் கிருமி என்று வருடத்துக்கு இரண்டு முறை எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுத்தாள். எம்.சி. தாளில் காரணம் எழுதியிருந்தது. அதற்கும் தேவதாஸ் துளை போட்டார். ஐந்தாவது வருடம் அவள் ஒரு முறை போய்வர இரண்டு மணி நேரம் ஆனது. மேனேஜர் எண்ணெய் மாதிரி எடுக்க ஆளைத் தேடிவிட்டு, காரணம் கேட்டுக் கடிதம் கொடுக்கச் சொன்னார். தேவதாஸ் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. கடிதத்தைத் தட்டச்சு செய்வதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தானே நடந்து போனார். நான்கு நிமிடம். அதையும் கடிதத்தில் எழுதினார்.

ரமணி அதை நின்றபடியே படித்தாள்.

“அங்கிள், நீங்க தனியா நடந்தீங்க. என்கூட ஒருவாட்டி வாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சரி, பொய்யைக் கையோடு பிடித்துவிடலாம் என்று கிளம்பினார். அப்போது காலை பத்து மணி.

சிவப்புச் சாயத்தில் எண் போட்ட மரங்கள் வரிசையாக வந்தன. இருபதாவது மரத்தில் கொட்டகை தெரிய வேண்டும். இருபது தாண்டியது, நாற்பது தாண்டியது. திரும்பிப் பார்த்தால் ஆலையின் புகைபோக்கி விரல் அளவில் நின்றது. ரமணி பழகிய நடையில் முன்னால் போனாள். எந்த இடத்தில் நாய் வரும், எந்த வாய்க்காலில் பலகை ஆடும் என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே போனாள். முக்கால் மணி நேரம் கழித்து, குடித்த இரண்டு கோப்பை காப்பி அவருக்கு அடிவயிற்றை முட்டியது. யோசிக்காமல் பாதையை விட்டு விலகி, ஒரு மரத்தின் பக்கம் திரும்பி நின்று முடித்துக்கொண்டார். கால்சட்டையைச் சரிசெய்தபடி திரும்பியபோது, ரமணி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவள். அவள் கழுத்தில் வியர்வை வழிவதை அவர் அப்போதுதான் பார்த்தார். அதன் பிறகு அவளுடைய செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த வளைவில், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் புனிதவதி உட்கார்ந்திருந்தாள்.

அவள் எடைமேடையில் லோரிகளின் எடை எழுதிய கிராணி. 2007-இல் ஒரு வியாழக்கிழமை காலை கழிப்பறைக்குப் போனவள் திரும்பவில்லை. பழைய வெளிர்நீலச் சீருடை, மார்பில் பெயர்ப் பட்டை, அதே இருபத்துநான்கு வயது. செருப்பு மட்டும் அடியில் ஒன்றும் இல்லாமல் தேய்ந்திருந்தது.

“இந்த அக்காவ அப்பப்ப பாப்பேன்” என்றாள் ரமணி. “சொன்னா நம்புவீங்களா? அவுங்களுக்கு என்னைவிட தூரம் அதிகம், அங்கிள். ஏன்னு தெரியல.”

தேவதாஸுக்குத் தெரிந்தது. புனிதவதி காணாமல் போன அன்று அவர் சின்னக் கிராணி. சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் கேட்டபோது, “எங்க போயிருக்கும்? லோரிக்காரன் எவன்கூடயாவது போயிருக்கும்” என்று ஒரு வேடிக்கைக்குச் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது புக்கிட் ரோத்தான் முழுக்கச் செய்தியாகிவிட்டது. லோரிக்காரனுக்கு ஒரு பெயரும் கிடைத்தது. ‘தகவலின்றி வேலையைக் கைவிட்டார்’ என்று மறுவாரம் கடிதம் தட்டச்சு செய்ததும் அவர்தான். அவளுடைய அப்பா சிவானந்தம் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். அந்த வருடமே வீட்டைக் காலி செய்துவிட்டு ராசா என்ற ஊருக்குப் போய்விட்டார்.

“தேவா அண்ணே” என்று எழுந்து நின்றாள் புனிதவதி. “ரொம்ப லேட்டாயிருச்சா? இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு நடந்துகிட்டே இருக்கேன். எடைமேடையில யாரு நிக்கிறா?”

அவர் வாயைத் திறந்தார். எடைமேடையைப் பற்றித்தான் சொல்ல நினைத்தார். வந்தது வேறு.

“நீ லோரிக்காரன்கூட ஓடிட்டேன்னு ஊர்ல சொன்னாங்கம்மா. மொத சொன்னது நான்தான்.”

புனிதவதி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

“எங்கப்பா நம்புனாரா?”

“நம்புனாரு.”

அவர் அதைச் சொல்லி முடித்ததும் மரங்களுக்கு நடுவே ஆயாக் கொட்டகையின் தகரக் கூரை தெரிந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டாள். தேவதாஸ் முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாய் நின்றார். தன் கையால் துளை போட்ட நான்கு கடிதங்களும் அவருக்கு வரி பிசகாமல் ஞாபகத்துக்கு வந்தன.

மூவரும் ஆலைக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டரை. பதினேழு வருடத்துக்கு முந்தைய ஆளைப் பார்த்துப் பழைய தொழிலாளிகள் நாலைந்து பேர் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். மேனேஜர் அவளுடைய அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். தேவதாஸ் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு போய், தன் அறைக்குப் பக்கத்தில் இருந்த கழிப்பறையின் பலகையைக் கழற்றிவிட்டு, பெண்கள் என்று எழுதி மாட்டினார். அது ஆய்வுக்கூடத்திலிருந்து பதினோரு அடி. வேலை முடிய இருபது நிமிடம் ஆனது. ரமணி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. அந்த இருபது நிமிடமும் தன் காது எரிந்துகொண்டே இருந்ததாக அவர் பிறகு மனைவி புஷ்பவள்ளியிடம் சொன்னார். அவள் தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு, “நான் உங்க ஆபிஸ்ல வேல செஞ்சிருந்தா என்னையும் அங்கதான் அனுப்பிருப்பீங்க, இல்ல?” என்று கேட்டாள். அவர் தேநீரைக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புனிதவதியைக் காரில் ஏற்றிக்கொண்டு ராசாவுக்குப் போனார். சிவானந்தத்துக்கு வயது எண்பத்தொன்று, காது அறவே மந்தம். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தேவதாஸ் முதலில் அருகில் குனிந்து மெதுவாகச் சொன்னார். கிழவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். இன்னும் சத்தமாகச் சொன்னார். கேட்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து நின்று, கோயிலில் அறிவிப்பு செய்கிற குரலில் கத்த வேண்டியதாயிற்று.

“உங்க மக யாருகூடவும் ஓடல! நான்தான் பொய் சொன்னேன்!”

எதிர் வரிசையில் துணி காயப்போட்டவர்கள் கையை நிறுத்தித் திரும்பினார்கள். மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடினான். கிழவர் இன்னும் ஒருமுறை சொல்லச் சொன்னார். தேவதாஸ் இன்னும் ஒருமுறை சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது.

சிவானந்தம் மகளைப் பார்த்தார். அவள் வயது ஏறாமல் இருந்தது அவருக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

“அப்ப இத்தன வருஷமா எங்கம்மா இருந்த?”

“நடந்துகிட்டே இருந்தேம்ப்பா” என்று அவளும் கத்தினாள்.

கிழவர் அவளுடைய பாதங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, அவளை அதில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு வாளியில் வெந்நீர் கொண்டு வந்தார். தளும்பத் தளும்பத்தான் கொண்டு வந்தார். தேவதாஸ் வாளியைப் பிடிக்கக் கை நீட்டினார். கிழவர் கொடுக்கவில்லை.

தேவதாஸை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர் இரும்புக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். புனிதவதி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், புதுச் செருப்பு ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.