நாற்பது நிமிடத்தில் சாப்பிட்டுத் திரும்பும் இடங்கள்

எங்கள் கடையில் பட்டுப் பிரிவு இரண்டாம் மாடி. தி.நகரில் அந்த மாடியில் பதினொரு வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு நாற்காலி கிடையாது. இத்தனை வருடத்தில் நான் பயப்படுகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "சாப்பிட்டுட்டு வந்துடறோம்." அப்படிச் சொல்லிவிட்டு இறங்குகிற குடும்பங்களில் பாதி திரும்புவதில்லை. பசியோடு இறங்கினவர்களுக்கு ஓட்டல் கண்ணில் படும், ஓட்டலை விட்டு வெளியே வந்தவர்களுக்கு வேறு ஜவுளிக்கடை கண்ணில் படும். எங்கள் மாடிப்படி யாருக்கு ஞாபகம் வரப்போகிறது?

ஆகவே ஒரு பட்டியல் தயாரித்தேன். கடையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கிற பதினேழு சாப்பாட்டு இடங்கள். எனக்கு வாரத்தில் விடுப்பு வருகிற நாளில் ஒவ்வொன்றிலும் நானே போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். போக எத்தனை நிமிடம், இடம் கிடைக்க எத்தனை, இலை போட்ட பிறகு சாதம் வர எத்தனை, சாப்பிட்டுக் கை கழுவ எத்தனை, திரும்பி வர எத்தனை என்று தனித்தனியே குறித்தேன். மொத்தம் நாற்பதைத் தாண்டினால் பெயருக்கு மேல் ஒரு கோடு. ருசி கடைசிக் கட்டத்தில்தான் வரும். முட்டி வலிக்காரர்களுக்குப் படி ஏறாத இடம், குழந்தைக்குக் காரமில்லாமல் பருப்பு சாதம் பிசைந்து தருகிற இடம் என்பவற்றுக்குத் தனி அடையாளம். கோடு விழாமல் மிஞ்சியவை ஆறு.

முதலாளி வைரவன் அண்ணாச்சி முதலில் சிரித்தார். "ஏலே பாலகணேஷ், நீ சேலை விக்க வந்தியா, ஓட்டல் சோதனைக்கு வந்தியா?" என்றார். அடுத்த தீபாவளிக்கு அதையே நகல் எடுத்து எல்லா மாடிக்கும் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான்.

இந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேளச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஏழு பேர். கல்யாணப் பெண் ஹம்சினி, பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண்ணின் அம்மா, சித்தி, இரண்டு சின்னப் பிள்ளைகள், பேசாத ஒரு சித்தப்பா. இவர்கள் எல்லோரையும் நடத்திக்கொண்டு முன்னால் வந்தவர் பெண்ணின் தாய்மாமா, மயிலாப்பூர் சுப்பராமன். கல்யாண ஊஞ்சலுக்குக் கட்டும் புடவை அவர்கள் வீட்டில் மாமா வாங்கித் தரும் சீர் என்று வந்தவுடன் அவரே சொன்னார்.

இரண்டு மணி நேரத்தில் அறுபத்து மூன்று புடவை பிரித்தேன். அறுபத்து நான்காவது ஒரு மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. தறிக்காரர் அந்த வகையில் ஒன்றுதான் அனுப்பியிருந்தார். அதைத் தோளில் போட்டதும் ஹம்சினி கண்ணாடியைப் பார்த்தாள். அதுவரை ஒவ்வொரு புடவைக்கும் மாமா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், அப்போது மட்டும் பார்க்கவில்லை.

"நன்னாத்தான் இருக்கு," என்றார் மாமா. "பில் போடலாம். மணி என்ன?"

பன்னிரண்டு ஐந்து.

"அடடா, எமகண்டம் வந்துடுத்தே! ஞாயித்துக்கிழமை பன்னெண்டுலேர்ந்து ஒண்ணரை. சீர்ப் பணத்தை இப்ப எடுத்து நீட்டப்படாது. ஒண்ணரைக்கு மேலதான்."

"முன்பணம் மட்டுமாவது..."

"அதுவும் பணம்தானே சார்? வாங்கோ எல்லாரும், அதுக்குள்ள சாப்பிட்டுட்டு வந்துடலாம்."

பட்டியலை எடுத்தேன். ஏழு பேர், இரண்டு குழந்தை, சித்திக்கு முட்டி வலி. "பக்கத்துத் தெருவுல ஒரு மெஸ் சார். கீழ்த்தளம். முப்பத்தெட்டு நிமிஷம். வத்தக்குழம்பு நல்லா இருக்கும்."

மாமா பட்டியலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "இதென்ன சார், ரயில் கைடு மாதிரி இருக்கு? சாப்பாட்டுக்கு நிமிஷக் கணக்கா? தி.நகர்ல மனுஷன் புடவை வாங்கலாம், சாப்பிடுவானா? எங்க மயிலாப்பூர்ல குளத்துக்குத் தெக்க, சந்துக்குள்ள ஒரு மெஸ் இருக்கு. போர்டு கிடையாது. ரசத்தைக் கையில வாங்கிக் குடிச்சுட்டு வந்து அப்பறம் பேசும்."

"சார், ஞாயித்துக்கிழமை மயிலாப்பூர் போய்த் திரும்பவே ஒரு மணி நேரம் ஆகும்."

"இருபது நிமிஷம். நான் அங்கேயே பொறந்தவன்."

படி இறங்கும்போது ஹம்சினி மட்டும் திரும்பி வந்தாள். "அண்ணா, அதை யாருக்கும் குடுத்துடாதீங்கோ, ப்ளீஸ்."

"முன்பணம் இல்லாமலே ஒண்ணரை மணி நேரம் எடுத்து வைக்கலாம்னு கடைச் சட்டமே இருக்கும்மா. அதுக்கு மேலயும் நான் பாத்துக்கறேன். நீங்க வந்துடுங்க."

அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. இருந்தும் சொன்னேன். புடவையை மடித்து, உறையில் போட்டு, அவள் பெயரையும் போன் எண்ணையும் சீட்டில் எழுதி ஒட்டி, பின் அலமாரியில் வைத்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு நானே போன் செய்தேன். "வந்து இறங்கிட்டோம் அண்ணா. ரீல்ஸ்ல யாரோ போட்டுட்டாளாம், சந்து முழுக்கக் கூட்டம். எங்க டோக்கன் எண்பத்திரண்டுலேர்ந்து ஆரம்பம். இப்ப நாப்பத்தொண்ணு கூப்பிட்டிருக்கா."

"அம்மா, அந்த மெஸ் எனக்கும் தெரியும், ஒரு வரிசைக்குப் பன்னெண்டு பேர்தான் உக்காரலாம். இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். அதே தெரு முனையில டிபன் கடை இருக்கு, பொங்கல் வடை சாப்பிட்டுக் கிளம்பிடுங்க."

அவள் சொல்வதும் மாமா பதில் சொல்வதும் கேட்டது. "மத்தியானம் பன்னெண்டரைக்கு மேல பொங்கல் சாப்பிடச் சொல்றவன் பேச்சைக் கேக்கறயா?"

ஒன்றரை ஆனது. ஒன்று முப்பத்தைந்துக்கு மறுபடி கூப்பிட்டேன். "எமகண்டம் முடிஞ்சுதும்மா. போன்லயே ஜிபேல ஒரு தொகை அனுப்பிடுங்க. புடவை உங்க பேர்ல நின்னுடும்."

போனை மாமா வாங்கிக்கொண்டார். "தாய்மாமன் சீரை ஜிபேல அனுப்பறதா? தண்ணி கேன்காரனுக்கு அனுப்பற மாதிரி? தட்டுல வெத்தலை பாக்கு வெச்சுக் கையில குடுக்கணும் சார். வந்துண்டே இருக்கோம்."

வந்துண்டே இருக்கவில்லை. பின்னால் ஒருவர் "அறுபத்தி மூணு, அறுபத்தி மூணு" என்று கத்துவது எனக்கே கேட்டது.

ஹம்சினி மறுபடி போனுக்கு வந்தாள். "என் அக்கவுண்ட்லயே பணம் இருக்கு அண்ணா," என்று மெல்லச் சொன்னாள். "ஆனா மாமா என்ன நினைச்சுப்பாரோ."

அனுப்புங்கள் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். குடும்ப விஷயத்தில் கடைக்காரன் தலையிடக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒன்று நாற்பதுக்கு ஜைதூன் பீ அம்மாவும் அவர் மகள் மெஹக்கும் வந்தார்கள். ராயப்பேட்டைக் குடும்பம், எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. மெஹக்குக்கு நிக்காஹ். பத்துப் புடவைகூடப் பார்த்திருக்க மாட்டாள், பின் அலமாரியைக் காட்டினாள். "அந்த உறையில மஞ்சளாத் தெரியுதே, அது என்ன?"

"அது வேறொருத்தங்க எடுத்து வெச்சதும்மா."

"பாக்கறதுக்கு என்னப்பா காசா?" என்றார் ஜைதூன் பீ. அதற்குள் என் பக்கத்தில் நிற்கிற தங்கபுஷ்பம் அதை எடுத்துப் பிரித்தே விட்டாள். நான் முறைத்தேன். "காட்டினாத் தேஞ்சா போயிரும்?" என்றாள் அவள். மெஹக் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் பொருந்தியது. அதுதான் எனக்குக் கோபம்; பொருந்தாமல் போயிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அண்ணாச்சி மேலே வந்தார். சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணரைக்கு வாரேன்னவங்க எங்கவே?"

"மயிலாப்பூர்ல இருக்காங்க அண்ணாச்சி. சாப்பிடுதாங்க."

"இன்னும் சாப்பிடலியா, சாப்பிட்டு முடிச்சாச்சா?"

"டோக்கன் வாங்கியிருக்காங்க."

"நல்லாருக்குவே. அங்க டோக்கன், இங்க சேலை. ரெண்டேகால் வரைக்கும் பாரு. பொறவு இவங்களுக்குப் பில்லப் போடு."

"எங்களுக்கு எமகண்டமெல்லாம் இல்ல, எப்ப வேணா போடு," என்று ஜைதூன் பீ சிரித்தார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

இரண்டு பத்துக்கு ஹம்சினியே கூப்பிட்டாள். குரல் அழுகிறதா, வெயிலில் காய்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை. "எழுபத்தொன்பதோட சாப்பாடு தீந்துபோச்சுன்னு கதவைச் சாத்திட்டா அண்ணா. குழந்தைகள் அழறது. மாமா அடையாறுல ஒரு இடம் சொல்றார். அடை அவியல் நன்னா இருக்குமாம். கார்ல ஏறிட்டோம்."

"அடையாறா? அது இன்னும் தூரம்மா!" நான் கத்தியதில் மாடியே திரும்பிப் பார்த்தது. "ஹம்சினி, கேளுங்க. அவங்க சாப்பிடட்டும். நீங்க மட்டும் ஒரு ஆட்டோ பிடிச்சு வாங்க. இங்க அந்தப் புடவையை ஒருத்தங்க தோள்ல போட்டுட்டு நிக்கறாங்க."

அவள் அங்கே மாமாவிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "அடையாறுல இறங்கினதும் வரேன்," என்றாள்.

அதற்கு மேல் நான் செய்தது சரியில்லை, எழுதிவிடுகிறேன். ஜைதூன் பீயிடம் போய், "அம்மா, மணி ரெண்டாச்சு. நீங்க இன்னும் சாப்பிடலையே? நம்ம பின் தெருவுல ஒரு பிரியாணிக் கடை இருக்கு. சீக்கிரம் ஆயிடும். வந்து நிதானமாப் பில் போடலாம்," என்றேன். என் பட்டியலில் அந்தக் கடைக்குமேல் கோடு இருக்கிறது. இடம் கிடைக்க நாற்பது நிமிடம், இலை வர இருபத்தைந்து. போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. மனிதர்கள் சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காக எழுதிய பட்டியலை முதல் தடவையாகத் தலைகீழாகப் பயன்படுத்தினேன்.

"பசிக்கத்தான் செய்யுது. உன் கையில லிஸ்ட்டு இருக்கே, கரெக்டாத்தான் சொல்வே," என்று நம்பிப் போனார்கள்.

சரியாகப் பதினேழு நிமிடத்தில் திரும்பி வந்தார்கள்.

"என்னப்பா, ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கே பிரியாணி காலியாம். அண்டாவைக் கழுவிக்கிட்டிருக்கான். உன் லிஸ்ட்டத் திருத்து," என்றார் ஜைதூன் பீ. மெஹக் கையில் ஒரு வாழைப்பழம். நான் அந்தக் கடைக்குப் போனது ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மணி இரண்டு முப்பத்தைந்து. அண்ணாச்சி கல்லாப் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டைக் கிழித்தேன். பில் போட்டேன். பெட்டியில் வைத்துக் கொடுக்கும்போது மெஹக், "தேங்க்ஸ் அண்ணா, எங்களுக்காக ரொம்ப நேரம் நின்னீங்க," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஹம்சினிக்குச் சொல்ல வேண்டும். எண்ணை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். இரண்டாம் தடவையும் அப்படியே. பாதி வழியில் சொன்னால் என்ன, வந்த பின் சொன்னால் என்ன என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று பத்துக்கு வந்தாள். படியேறி மூச்சு வாங்கியது. பின்னாலேயே ஆட்டோக்காரர் அன்வர் பாஷாவும் ஏறி வந்தார், அவள் போனை வண்டியிலேயே விட்டுவிட்டாளாம். "இந்தாம்மா. இன்னா அவசரம், கல்யாணமே கடையில நடக்குற மாதிரி ஓடுற?" என்று கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மேட்டர் முடிஞ்சிபோச்சா?" என்றார். நான் சொல்லாததை அவர் கேட்டுவிட்டார். பின் அலமாரி காலியாக இருந்தது.

"எப்போ?" என்றாள்.

"ரெண்டு முப்பத்தஞ்சு."

"நான் கிளம்பறப்பவே போயிடுத்தா?"

"ஆமாம்மா."

"அப்பறம் ஏன் சொல்லலை?"

அன்வர் பாஷா மெல்ல இறங்கிப் போய்விட்டார்.

"அடை இலையில விழுந்துடுத்து அண்ணா. வெண்ணெய் வெச்சிருந்தா. அப்படியே எழுந்து வந்தேன். மாமா கத்தினார், இலையிலேர்ந்து எழுந்திருக்கப்படாதுன்னு. நீங்க போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாப்பாடாவது கிடைச்சிருக்கும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உயர்த்தியிருக்கலாம்.

"உங்க அக்கவுண்ட்ல இருந்து அனுப்பச் சொல்லி நான் அழுத்திக் கேட்டிருக்கணும்மா."

"நீங்க கேட்டிருக்கணுமா? நான் அனுப்பியிருக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் சம்பளம், என் ஊஞ்சல். மாமா ரசத்துக்காக எண்பத்திரண்டாம் நம்பரைப் பிடிச்சுண்டு நின்னேன் பாருங்கோ."

அவள் போன் அடித்தது. மாமாதான். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள். "ஹம்சினி, நாங்க கிளம்பியாச்சு. உனக்கு அடை பார்சல் கட்டிண்டு வரேன். அவியல்ல கொஞ்சம் தேங்காய் தூக்கல், மத்தபடி ஏ ஒன். அந்தக் கடைக்காரர்கிட்டச் சொல்லு, லிஸ்ட்ல இதைச் சேத்துக்கச் சொல்லி."

"மாமா, புடவை போயிடுத்து."

"போனாப் போறது, வேற பாத்துக்கலாம். நான் வந்து..."

"வேண்டாம் மாமா. நானே பாத்து எடுத்துக்கறேன். நீங்க கீழ உக்காந்துக்கோங்கோ. யாரும் மேல வர வேண்டாம்."

"சீர்டி அது, நான் இல்லாம..."

"சீரா ஏதாவது நகை வாங்கிக் குடுங்கோ." போனை வைத்துவிட்டாள்.

தங்கபுஷ்பம் எங்கிருந்தோ ஒரு தட்டில் எங்கள் ஊழியர் சமையலறையின் சாம்பார் சாதம் கொண்டுவந்தாள். ஆறிப்போயிருந்தது, அப்பளம் நமத்திருந்தது. "பட்டு மேல படாம ஓரமா உக்காந்து சாப்பிடு தாயி," என்றாள். ஹம்சினி தரையில் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

பிறகு புடவைகளைப் பிரித்தேன். இந்தத் தடவை பதினொன்றுதான். பாசிப்பச்சையில் ஒன்றைத் தள்ளி வைத்தாள். அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் இது நிற்காது. அவளுக்கும் அது தெரியும். நல்லா இருக்கும்மா என்று சொல்ல வாயெடுத்தேன், பதினொரு வருடப் பழக்கம்.

"ஒண்ணும் சொல்லாதீங்கோ அண்ணா," என்றாள். "பில் போடுங்கோ."

கீழே தெருவில் கார் வந்து நின்றது. மாமா கையில் பொட்டலத்தோடு இறங்கி மேலே பார்ப்பது ஜன்னலில் தெரிந்தது. அவர் முதல் படியில் கால் வைப்பதற்குள் அவள் தன் போனை நீட்டிப் பணத்தை அனுப்பிவிட்டாள்.