மிதித்தேன் என்றாள்

அப்பா இறந்ததிலிருந்து அந்தக் காரை வீட்டில் யாரும் தொடவில்லை. அவன் மனைவி காரைப் பின்னால் எடுத்தபோது, சுவருக்கும் காருக்கும் நடுவில் நின்றிருந்த அவர் நசுங்கிப்போனார். "பிரேக்கை மிதிச்சேன், உள்ள போயிடுச்சு" என்று அவள் கதறினாள். சோதித்துப் பார்த்த மெக்கானிக், ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகவில்லை, பிரேக் பிடிக்கத்தான் செய்கிறது என்றான். பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்திருப்பாள் என்று அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். தம்பியான அவனும் அதை நம்பினான். வாய்விட்டுச் சொல்லவில்லை, மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான்.

காரை விற்றுவிட நினைத்து ஒரு காலையில் கிளப்பினான். தெருமுனைச் சரிவில் பிரேக்கை அழுத்தியபடி நின்றான். காலடியில் பெடல் மெல்ல இறங்க, கார் தானாக நகர்ந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினான்.

பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக வாங்கிவந்து வீட்டு வாசலிலேயே மாட்டினான். பழையதைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே இருந்த ரப்பர்கள் ஓரம் பிய்ந்து கிடந்தன. வெளியே ஒழுகாமல், ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்கியிருக்கிறது; அதனால்தான் பிரேக் சில நேரம் பிடித்து, சில நேரம் கைவிட்டிருக்கிறது.

பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியே எடுக்க யாராவது பெடலை மிதிக்க வேண்டும்; அதுவரை பெடல் பிடிக்காது. வீட்டில் அவள்தான் இருந்தாள்.

"கொஞ்சம் வந்து மிதிக்கிறியா?"

வந்தாள். சீட்டில் உட்கார்ந்தாள். அவன் சக்கரத்தருகே படுத்து, "மிதி" என்றான்.

பெடல் தரைவரை போனது. அவள் அலறினாள். "இப்படித்தாங்க! அன்னிக்கும் இப்படித்தான் போச்சு!"

எழுந்து வந்து, பிய்ந்த ரப்பரை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "நீ சொன்னது நிஜம்."

"அன்னிலேருந்து அதைத்தானே சொல்றேன்" என்றாள். "மாமா விழுந்தப்போ, நீங்க முதல்ல என் காலைத்தான் பார்த்தீங்க."

அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"பொண்டாட்டியைக் காப்பாத்த ஒரு ரப்பரைப் பிடிச்சுக்கிட்டியா?" அக்காவின் குரல் காருக்குள்ளும் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

"மிச்சத்தையும் முடிச்சிடுங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைக்காமல்.

மிதி, விடு என்று நான்கு சக்கரங்களையும் முடித்தார்கள். பெடல் கல்லைப்போல் இறுகி நின்றது. அவள் இறங்கி உள்ளே போய்த் துணிகளை ஒரு பையில் அடுக்கினாள்.

"உங்கம்மா வீட்ல நானே கொண்டுவந்து விடறேன்" என்றான்.

"அந்தக் கார்லயா?" என்று கேட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.