கூப்பிடாமல் உழுத வயல்

பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்கிறது. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஸ்டியரிங். நடந்து போகும்போதுகூட தெருமுனை வந்தால் ஸ்டியரிங் பிடித்த மாதிரி இரண்டு கையையும் ஒடிப்பார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஒடிக்கத்தான் செய்வார்.

அவரிடம் ஒரு டிராக்டர் இருந்தது. அந்த வட்டாரத்தில் பாதி வயல் அதன் சக்கரம் பட்ட வயல்தான். அவர் உழுதால் கோடு நூல் பிடித்த மாதிரி நிற்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. உலகத்தில் எந்தத் தொழில் நின்றாலும் ஒப்பேற்றிவிடலாம், விவசாயம் நின்றால் அத்தனை பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு என் வண்டி முன்னால்தான் வந்து நிற்க வேண்டும் என்று டீக்கடையில் அடிக்கடி சொல்வார். டீயும் பாலும் சர்க்கரையும் மண்ணிலிருந்து வருவதால் டீக்கடைக்காரர் இதை மறுத்ததில்லை.

இப்பேர்ப்பட்டவரின் சொந்தத் தங்கை வயல், மூன்று வருஷமாக உழவு காணாமல் கிடந்தது.

காரணம் ரகசியமல்ல. தங்கையும் அவள் கணவரும் விவசாயப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்து, இனி நிலத்தை உழுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அறுவடை முடிந்ததும் சோளத்தட்டையைக் கொளுத்தாமல் அப்படியே மண்மேல் பரப்பினார்கள். நடுவில் பயறு விதைத்து, அது வளர்ந்ததும் அதையும் மடக்கிப் போட்டார்கள். இப்படி மண்ணை மூடிவைப்பதற்குப் பெயர் மூடாக்கு. விதைக்கும் நாளில் அதை விலக்கிச் சின்னக் குழி போட்டு விதையை ஊன்றுவார்கள், தண்ணீர் சொட்டுநீர்க் குழாயில் போகும். மண்ணைப் புரட்டாமல் விட்டால் அது தானே பொதபொதவென்று ஆகும், பெய்கிற மழை வெளியே ஓடாமல் உள்ளே இறங்கும் என்று தங்கை அண்ணன் வீட்டுக்கே வந்து விளக்கினாள். ஸ்டியரிங் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. அடுப்பு இல்லாமல் சமைக்கப் போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் ஆட்டியிருப்பார்.

நம்பாததற்கு அவரிடம் வேறு காரணம் இருந்தது. அதே வருஷம் தங்கை மகளின் கல்யாணத்தில், சாமான் ஏற்றிவந்த டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டுக் காரின் மூக்கை அவர் நசுக்கியிருந்தார். அன்றைக்கு எல்லோரும் பரவாயில்லை, பரவாயில்லை என்றார்கள். இத்தனை பேர் சேர்ந்து பரவாயில்லை என்று சொன்னால் அது பரவாயில்லாத விஷயமாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு அடுத்த விதைப்புப் பட்டத்தில்தான் தங்கை உழவு வேண்டாம் என்றாள். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஸ்டியரிங்குக்குப் பயிற்சி வகுப்பு தேவைப்படவில்லை.

அதற்குமுன் பட்டத்துக்குப் பட்டம் தங்கை வயலுக்குப் போவார். உழுவார், அங்கேயே சாப்பிடுவார், மோட்டார் அறை நிழலில் ஒரு தூக்கம் போடுவார், சாயங்காலம் தங்கை தரும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவார். இப்போது உழவு இல்லை. வேலை இல்லாத வீட்டுக்கு என்ன சாக்கு சொல்லிப் போவது? போகவில்லை. போனில் எப்போதாவது பேச்சு நடக்கும், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்பதோடு வண்டி நின்றுவிடும். கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அவள் தன்னை மெல்ல விலக்கிவைத்துவிட்டாள் என்ற நினைப்பு அவரை உள்ளுக்குள் அரித்தது. வெளியே அவர் இதை டீசல் விலையைப் பற்றிய கோபமாகக் காட்டிக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் தங்கை போன் செய்தாள். மகளுக்குப் பிரசவ நேரம், நகரத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் கிளம்புகிறோம், வர ஒரு வாரம் ஆகலாம் என்றாள். அறுவடை முடிந்து கிடக்கும் வயலுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார் ஸ்டியரிங்.

"அது தன்னைத்தானே பாத்துக்கும்ணே" என்றாள்.

ஸ்டியரிங் போனை வைத்தார். கேட்பாரற்றுக் கிடக்கும் நிலம்தான் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். அண்ணன் என்று ஒருவன் டிராக்டரோடு உயிரோடிருக்கும்போது தங்கை வயலுக்கு அந்தக் கதியா? ஒரு முடிவுக்கு வந்தார். அவர்கள் திரும்பி வரும்போது வயல் உழுது, ஒரு கட்டி இல்லாமல், பாய் விரித்த மாதிரி இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகும் ஒரு கார் மூக்கை மனதில் வைத்திருக்க யாரால் முடியும்?

மனைவியிடம் பக்கத்து ஊர் வேலை என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூப்பிட்டார்களா என்று கேட்டாள். கூப்பிடாமல் யாராவது போவார்களா என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தார், அதுதான் கொடுமை. முதலில் மூடாக்குக்கு அடியில் கிடந்த சொட்டுநீர்க் குழாய்களை ஒவ்வொன்றாக உருவினார். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. கீறல் விழாமல் வளையம் வளையமாகச் சுற்றி, கயிறு கட்டி, மோட்டார் அறைச் சுவரோரம் அடுக்கினார். பிறகு தட்டையையும் சருகையும் வாரி வரப்போரம் குவித்தார். மண் தெரிந்ததும் அவருக்கே மூச்சு வந்தமாதிரி இருந்தது. சட்டிக் கலப்பையை இறக்கினார். ஒரு ஓட்டம், குறுக்கே ஒரு ஓட்டம், கடைசியாகக் கட்டியை உடைத்துத் தூளாக்கும் ரோட்டவேட்டர். கலப்பை அநியாயத்துக்கு இலகுவாக இறங்கியது. டிராக்டருக்குச் சிரமமே இல்லை. வண்டியைப் போன வாரம் சர்வீஸுக்கு விட்டது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டார். மோட்டார் அறையை ஒட்டி வண்டி திரும்ப வழியில்லாத ஒரு துண்டு மட்டும் தட்டையும் சருகுமாக அப்படியே நின்றது. அது அவர் கண்ணை உறுத்தியது.

பின்னால் திரும்பிப் பார்த்தபோது கொக்கும் மைனாவும் காக்கையுமாக ஒரு கூட்டமே கலப்பையைத் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. மற்ற வயல்களில் ஒன்றிரண்டு காக்கை பேருக்கு வந்து, கொத்திப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விடும். இங்கே ஒவ்வொரு பறவையின் அலகிலும் ஏதோ நெளிந்தது. அவர் மனம் நிறைந்துவிட்டது. தங்கை வயலுக்கு நல்ல காலம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வந்த நாளில் ஸ்டியரிங் முன்னதாகவே போய் வரப்பில் நின்றுகொண்டார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பேத்தி பிறந்த செய்தியோடு இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தங்கை சிரித்துக்கொண்டே இறங்கியவள், வயலைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே உறைந்து நின்றது. கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் கணவர் மட்டும் மெல்ல வரப்போரம் நடந்து வந்தார். பொறுமைக்குப் பேர்போன மனிதர். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்து, கீழே போட்டார். சுவரோரம் அடுக்கியிருந்த வளையங்களைப் பார்த்தார்.

"குழாயை நல்லா சுத்தி வச்சிருக்கீங்க மச்சான்" என்றார்.

அது பாராட்டு இல்லை என்பது ஸ்டியரிங்குக்கே புரிந்தது. எது தப்பாகப் போயிற்று என்று புரியவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் மோட்டார் அறைக் கூரைக்கு அடியில் ஒண்டினார்கள்.

சாதாரண மழை இல்லை, கொட்டித் தீர்த்தது. ஸ்டியரிங் பாய் விரித்த மாதிரி வைத்திருந்த வயல் முதலில் கொஞ்சம் குடித்தது. பிறகு மேல்மண் கூழாகி, முகம் மூடிக்கொண்டது. அதன்மேல் விழுந்த தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு, அவர் நூல் பிடித்துப் போட்ட கோடுகள் வழியாகவே ஓடி, வரப்பு உடைந்த இடத்தில் விழுந்து, காப்பி நிறத்தில் ஓடைக்குப் போயிற்று. கோடு அவ்வளவு நேராக இல்லாவிட்டால் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கும். கூரையை ஒட்டிய அந்த உழாத துண்டில் அதே மழைதான் பெய்தது. அங்கிருந்து எதுவும் ஓடவில்லை. விழுந்த தண்ணீர் சருகுக்குள் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கே போகிறது என்று ஸ்டியரிங் குனிந்து பார்த்தார். காலடியில் மண்புழு ஒன்று சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்குப் பறவைகள் ஞாபகம் வந்தது. அவை எதைத் தின்றன என்பதும், மற்ற வயல்களில் அவை ஏன் பட்டினியாகத் திரும்பின என்பதும் சேர்ந்தே உறைத்தது. அந்த மற்ற வயல்களையும் அவர்தான் உழுதார், வருஷக்கணக்காக.

"அதோ போவுது பாருங்க மச்சான்" என்று ஓடைப் பக்கம் காட்டினார் தங்கை கணவர். "அதான் எங்க மூணு வருஷம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவர் பஸ் போவதைக் காட்டுவது போலச் சொன்னார். ஸ்டியரிங் எங்கேயாவது போய்விடலாம் என்று பார்த்தால் மழை விடவில்லை.

தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு தங்கை டீ கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. டம்ளரை அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், மூன்று வருஷமாகத் தொண்டையில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அந்தக் காரை இடித்ததிலிருந்து நீங்கள் என் டிராக்டரை ஒதுக்கிவிட்டீர்கள், சமாதானமாகட்டும் என்றுதான் உழுதேன் என்றார்.

தங்கைக்கு எந்தக் கார் என்றே உடனே புரியவில்லை. புரிந்ததும் கணவரைப் பார்த்தாள். அவர் மழையைப் பார்த்தார்.

"உழவு வேணாம்னுதானே அண்ணே சொன்னோம்" என்றாள். "உன்னை வேணாம்னு யார் சொன்னா? மூணு வருஷமா ஒரு நாள் இந்த வாசலுக்கு வந்தியா? வண்டிக்கு வேலை இருந்தாதான் வருவியா?"

ஸ்டியரிங் கண்ணில் நீர் கட்டியதை மழைச்சாரல் என்று மற்ற இருவரும் நம்பியதுபோல இருந்துவிட்டார்கள். டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை, நடந்ததை அறிந்த மனைவி சொல்லிக்கொடுத்தபடி, டிராக்டர் இல்லாமல் வெறுங்கையோடு தங்கை வயலுக்குக் கிளம்பினார். பக்கத்து ஊர் வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அதற்கு அவள் வேறு நல்ல நாள் பார்த்திருந்தாள்.

வரப்போரம் அவரே வாரிக் குவித்திருந்த தட்டையைக் கூடை கூடையாகச் சுமந்து வயலில் பரப்ப ஆரம்பித்தார். கைகளுக்கு இந்த வேலை பழக்கமில்லை. பழக்கதோஷத்தில் நேர்க்கோட்டிலேயே போட்டுக்கொண்டு போனார். தங்கை பின்னாலேயே வந்து கலைத்துவிட்டாள். காலால் மண்ணுக்குள் மிதிக்கப் போனபோது, புதைக்காதே, போர்த்திவிடு, போதும் என்றாள். புதிதாகப் பிறந்த பேத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வேலை செய்தாள். குழந்தைக்கு ஸ்டியரிங்கின் மூக்காம். அதையும் யாராவது இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அவள் கணவர்.

பாதையில் டீக்கடைக்காரர் சைக்கிளில் வந்தார். தலையில் தட்டைச் சுமையோடு சேற்றில் நின்ற ஸ்டியரிங்கைப் பார்த்து ஒரு காலை ஊன்றினார். சுற்றுமுற்றும் டிராக்டரைத் தேடினார்.

"என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

ஸ்டியரிங் சுமையை இறக்கிவைத்தார்.

"வண்டி வீட்ல இருக்கு" என்றார். "தங்கச்சியைப் பாக்க வந்தேன்."