டாலர் ஏறட்டும்

விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் நல்லசிவத்துக்கு ஒரு பொருளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பழக்கமில்லை. மூட்டைகளைக் கிட்டங்கியில் அடுக்கிவிட்டு, விலை ஏறும்வரை வாயே திறக்க மாட்டார். முப்பது வருஷமாக அப்படித்தான் காசு பார்த்தார். அதனால், மே மாதம் தங்கை பொன்னுத்தங்கம் டாலர் செக்கைக் கொண்டுவந்து கொடுத்தபோதும் அவர் கை தானாகப் போய் இரும்புப் பெட்டியைத்தான் திறந்தது.

தங்கையின் புருஷன் அமெரிக்கக் கப்பல் கம்பெனி ஒன்றில் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். போன வருஷம் தவறிப்போனார். கம்பெனி கணக்கை முடித்து ஆறாயிரத்து இருநூறு டாலருக்குச் செக் அனுப்பியிருந்தது.

"எனக்கு இதெல்லாம் என்னண்ணே தெரியும்? நீங்க பாத்து நல்ல ரேட்டுக்கு மாத்திக் குடுங்க. ஐஸ்வர்யாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்" என்று, சிவகாசியிலிருந்து பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு டாலர் எண்பத்தைந்து. தினமும் பேப்பரில் வத்தல் விலையைப் பார்த்த கையோடு அதையும் பார்த்தார். எண்பத்தாறு ஆனது. இருக்கட்டும் என்றார். எண்பத்தேழைத் தொட்டது. இப்போதுதானே ஏற ஆரம்பித்திருக்கிறது என்றார். நடுவில் தங்கை போன் போட்டுக் கேட்டபோது, "பாங்கில போட்டாச்சும்மா. வெளிநாட்டுச் செக்கு, ரெண்டு மாசம் இளுக்கும்" என்று சொல்லிவிட்டார். அப்போது அது பொய்யாகவே படவில்லை. நாளைக்குச் செய்யப்போவதை இன்றைக்கே சொல்வதுபோலத்தான் இருந்தது. அவள் கழுத்துச் செயினை அடகு வைத்து பீஸைக் கட்டினாள். அது தெரிந்த பிறகும், எண்பத்தெட்டு வரட்டும் என்றுதான் இருந்தார்.

செப்டம்பரில் வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பாங்குக்குப் போனார். மேனேஜர் அழகுமீனா செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கீழ பொடி எழுத்துல போட்டிருக்கே, பாக்கலையா அண்ணாச்சி? தொண்ணூறு நாளுதான். இது செத்துப்போன செக்கு."

"ரேட்டு ஏறட்டுமேன்னு..."

"இன்னைக்கு ரேட்டு உங்களுக்கு எதுக்கு? நாங்க இதை அங்க அனுப்பி, பணம் எங்க கைக்கு வர்ற அன்னைக்கு என்ன ரேட்டோ அதுதான் கிடைக்கும். அப்பமே குடுத்திருந்தா, வந்த அன்னைக்கு ஹெட் ஆபீஸ்ல பேசிப் பத்துப் பைசா இருவது பைசா கூட்டியே வாங்கித் தந்திருப்பேன். இதையும் வத்தல்னு நினைச்சு மூட்டை கட்டி வச்சுட்டீகளாக்கும்?"

பாஸ்புக்கோடு நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நல்லசிவமும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

தங்கையிடம் இதை எந்த வாயால் சொல்வது? இரண்டு வாரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தன் பணத்தையே எடுத்து, டாலருக்கு எண்பத்தெட்டு ரூபாய் இருபது பைசா வீதம் கணக்குப் போட்டார். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று பாங்குக் கமிஷனாக ஆயிரத்து எண்ணூற்று நாற்பதைக் கழித்துத் துண்டுச்சீட்டில் எழுதி, ஐந்து லட்சத்து நாற்பத்தையாயிரத்தையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு சிவகாசிக்குப் புறப்பட்டார்.

பொன்னுத்தங்கம் காப்பி கொடுத்தாள். பையைத் தொடாமல் சீட்டை மட்டும் எடுத்து நிதானமாகப் படித்தாள்.

"கமிஷன்கூடக் களிச்சிருக்கீக."

"அவன் விடுவானா? பிடிச்சுக்கிட்டுத்தான் குடுத்தான்."

"வராத பணத்துக்கு எந்த பாங்குண்ணே கமிஷன் பிடிச்சான்?"

நல்லசிவம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"செக்கை யாருமே போடலை, தேதி முடிஞ்சுருச்சு, புதுசு வேணுமான்னு கேட்டுக் கம்பெனிக்காரன் ஐஸ்வர்யா போனுக்கு அனுப்பி இருவது நாளாச்சு. நீங்களே சொல்லுவீகன்னு இருந்தேன். போன ஞாயித்துக்கிளமை போன்ல வத்தல் விலையெல்லாம் சொன்னீக. இதைச் சொல்லலை."

அவள் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு அவரும் போட்டிருப்பார். அவளோ நோட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். "செயினைத் திருப்புற அளவுக்கு மட்டும் எடுத்துக்கிடுதேன். புதுச் செக்கு வந்ததும் தந்துருவேன்" என்று மீதியைப் பையோடு அவர் பக்கம் தள்ளினாள். தங்கைக்குக் கடன் கொடுத்தவராகிவிட்டார் நல்லசிவம்.

மகள் ஐஸ்வர்யா உள்ளேயிருந்து ஒரு பாரத்தைக் கொண்டுவந்தாள். புதுச் செக் கேட்கும் விண்ணப்பம். எல்லாம் நிரப்பியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் என்ற இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"காரணம் எங்களுக்குத் தெரியாதுல்ல, மாமா. நீங்க எழுதுங்க" என்று பேனாவை நீட்டினாள்.

வியாபாரக் கடிதம் எழுதித் தேய்ந்த கை அவருடையது. 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று இங்கிலீஷில் அழகாக எழுதினார். ஐஸ்வர்யா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"தவிர்க்க முடியாததாண்ணே?" என்றாள் பொன்னுத்தங்கம்.

அதை அடித்தார். கையெழுத்துப் போடப்போவது அவள் என்பதால், அவள் சொல்வதுபோலவே கீழே எழுதினார்: 'விலை ஏறட்டும் என்று என் அண்ணன் செக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பாங்கில் போட்டுவிட்டதாக என்னிடம் சொன்னார்.' எழுதி முடித்ததும் ஒரு பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது.

ஐஸ்வர்யா வாங்கிப் பார்த்தாள். "அடிச்சுத் திருத்தினா ஏத்துக்க மாட்டாங்க, மாமா. வேற பிரிண்ட் எடுத்துட்டு வாரேன். இதையே அடிக்காம ஒருக்க எழுதிருங்க."

அவள் கடைக்குப் போய்த் திரும்ப அரை மணி நேரம் ஆனது. அதுவரை அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.