எடுக்காத போன்

கிளினிக்கில் எண் அழைக்கப்படுவதற்குள் ரமணி தன் கணவருக்கு மூன்று முறை போன் செய்துவிட்டாள். சுகுமாரன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். தினமும் காலையில் நிபோங் திபாலிலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கடல் பாலம் கடந்து பினாங்குத் தீவில், ரமணி வேலை செய்யும் பாயான் பாரு தொழிற்சாலைக்கு வருவார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் "பாலம் தாண்டிட்டேன் ரமணி, நல்லாதான் இருக்கேன்" என்பார். எட்டு வருடங்களில் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அந்தக் குரலைக் கேட்டால் பத்து நிமிடம் நெஞ்சு லேசாகும். பிறகு கேஸை மூடினோமா, வேலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அனுப்பிய மின்சுற்றுப் பலகையில் பழுது எதையாவது விட்டுவிட்டோமா என்று அடுத்தது தொடங்கிவிடும். நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது. இதயம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். நீ ரொம்ப யோசிக்கிறாய் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

ஷரீஃபா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் வேலை செய்பவள். ஒரே பலகையை ரமணி ஐந்து முறை எடுத்துப் பார்த்ததைக் கவனித்திருந்தாள்.

"எனக்கும் கவல வரும் ரமணி. வந்துட்டுப் போயிரும். ஒனக்குப் போவ மாட்டேங்குது. அத டாக்டர்கிட்ட காட்டணும் லா."

சொன்னதோடு நிற்காமல் ஒருநாள் லீவு போட்டுக் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் நூர் ஃபாத்திஹா அவசரப்படாமல் கேட்டார். இது பதற்றக் கோளாறு, உங்கள் குணமல்ல, நோய். மருந்தும் பயிற்சியும் உண்டு என்று மலாயில் விளக்கினார். ரமணிக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது.

அதன்பின் தொடங்கிய ஆலோசனையின் நான்காம் வாரம் சுகுமாரனையும் அழைத்தார்கள். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல அந்தப் பதற்றம் இன்னும் அதிகமாகக் கேட்கும். இனி பஸ் ஓட்டும்போது எடுக்காதீர்கள் என்றார்கள். அவர் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. தொழிற்சாலை கேன்டீனிலிருந்து ரமணி அவரை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். பாலத்தின் கம்பி, சாய்ந்த பஸ், கடல் எல்லாம் கண்முன் வந்தன. உள்ளங்கை நனைந்தது. நான்காவது முறைக்குப் பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். ஷரீஃபா தேநீரை அவள் பக்கம் நகர்த்தினாள். ஓடிவிடத் தோன்றியது, ஓடவில்லை. மூச்சை எண்ணினாள், எண்ணிக்கை தவறியது, மீண்டும் எண்ணினாள். பயம் ஏறி, உச்சியில் நின்று, பிறகு தானாகவே இறங்கியது. அவர் குரல் இல்லாமல் அது இறங்கியது அன்றுதான் முதல்முறை.

நிமிர்ந்தபோதுதான் தொழிற்சாலை வாசலில் அவர் பஸ் வந்து நிற்பது தெரிந்தது. எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள், அவரைத்தான் காணோம். ரமணி போய்ப் படியேறினாள். ஓட்டுநர் இருக்கையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாலு தடவ அடிச்ச," என்றார். "எடுக்காம இருக்க எனக்குத் தெரியல ரமணி."

எத்தனையோ ஆயிரம் முறை எடுத்த மனிதர் இந்த நான்கு முறை எடுக்காமலிருக்க என்ன பாடுபட்டிருப்பார் என்று அவளுக்குப் புரிந்தது.

"நாளைக்கும் எடுக்காதீங்க," என்றாள்.

அவர் முகம் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஷிப்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. முன்னிருக்கையில் அமர்ந்தாள். கண்ணாடியில் மழை விழத் தொடங்கியது. வைப்பரைப் போட அவர் கையை நீட்டினார்.

"இருக்கட்டும்ங்க."

துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, தாமாகவே வழிந்து இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.